ஆட்டுக்குட்டிக்கு நாலு காது எப்படி வந்துச்சு?

பெயின்டுக்கு அடியில இன்னொரு பெயின்ட் இருக்குன்னு சுரண்டாமலே எப்படி சார் சொல்றாங்கன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது பெல்ஜியத்துல கென்ட் நகரத்து செயின்ட் பாவோ தேவாலயத்து ஆட்டுக்குட்டிதான்.

ஹூபர்ட் வான் ஐக் ஆரம்பிச்சு, தம்பி யான் 1432ல முடிச்ச பலிபீட ஓவியம், மரப்பலகை மேல எண்ணெய் வண்ணம். நடுவுல ஆட்டுக்குட்டியா இயேசு, நெஞ்சுலேருந்து ரத்தம் கிண்ணத்துல விழுது. நாஜிங்க ஆஸ்திரியா உப்புச் சுரங்கத்துல பதுக்கினது, 1934ல திருடுபோன பலகை இன்னும் கிடைக்காதது எல்லாம் தனிக்கதை, விடுங்க. 1550ல பழுது பாக்க வந்தவங்க ஆட்டு மூஞ்சி மேலயே புது மூஞ்சி வரைஞ்சுட்டாங்க. 1951ல சுத்தம் பண்ணவங்க தலையைச் சுத்தி இருந்த பச்சையை எடுத்ததும் பழைய காது ரெண்டும் வெளிய வந்துருச்சு, மேல வரைஞ்ச காதும் அப்படியே இருக்கு. ஆக நாலு காது!

இப்ப வாசகர் கேட்ட கேள்விக்கு வருவோம், சுரண்டாம அடியில பாக்க உதவுறது எக்ஸ்-ரே. அந்தக் கதிர் பெயின்ட் மேல போய் இடிச்சா அணுவோட உள் வட்டத்துல இருக்குற ஒரு எலக்ட்ரான் தெறிச்சு ஓடிரும், பஸ்ல ஜன்னல் சீட் காலியானா நிக்கிறவர் பாஞ்சு உக்காருவாரே, அதே மாதிரி வெளி வட்டத்து எலக்ட்ரான் உள்ள குதிக்கும், குதிச்ச மிச்ச ஆற்றலை இன்னொரு எக்ஸ்-ரேயா வெளிய விடும். அழகு என்னன்னா, அந்த ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொரு அளவு, ஈயம்னா ஒண்ணு, பாதரசம்னா இன்னொண்ணு, கைரேகை மாதிரி. வெள்ளை பெயின்ட்ல ஈயம், சிவப்புல பாதரசம், பச்சையில செம்பு. புள்ளி புள்ளியா ஸ்கேன் பண்ணி ஈயத்துக்கு ஒரு மேப், செம்புக்கு ஒரு மேப்னு போட்டா, மேல் பூச்சைத் தாண்டி அடியில இருக்குற மூஞ்சியும் தெரியுது. நம்ம நகைக்கடையில மோதிரத்தை உள்ள வச்சா கேரட் சொல்ற மெஷினும் இதே தத்துவம்தான், அட்சய திருதியைக்கு கியூல நிக்கிறவங்க யாராவது யோசிச்சிருப்பாங்களா! அணுவை நோண்டி என்ன பிரயோஜனம், ஆராய்ச்சிக்கு ஏன் காசுன்னு கேக்குறவங்களுக்கு நான் இந்த மெஷினைத்தான் காட்டுவேன்.

அசல் மூஞ்சி அடியில பத்திரமா இருக்குன்னு உறுதியானப்புறம் மைக்ராஸ்கோப்ல பாத்துக்கிட்டே சின்னக் கத்தியால மேல் பூச்சை துணுக்கு துணுக்கா எடுத்தாங்க. ரெண்டுக்கும் நடுவுல பழைய வார்னிஷ் படலம் இருந்தது பெரிய உதவி.

2019 கடைசியில வெளிய வந்த மூஞ்சியைப் பாத்து இன்டர்நெட்டே சிரிச்சுச்சு, மனுசன் மாதிரி முன்பக்கமா ரெண்டு கண்ணு, செவந்த உதடு. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு, 1550 ஆடு எங்கயோ பாத்துக்கிட்டு நின்னுச்சு, இது நேரா நம்ம கண்ணையே பாக்குது.