புது வெப்சைட் வந்தது, மெயில் எங்கே போனது?

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் கம்பெனிகளிலிருந்து எனக்கு அடிக்கடி வரும் போன் இது: “சார், புது வெப்சைட் போட்டோம், சூப்பரா இருக்கு. ஆனா நேத்துலேருந்து பையர் மெயில் ஒண்ணும் வரல.”

விசாரித்தால், வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனின் நேம்சர்வரையே, அதாவது அந்த இணைய முகவரிக்கான ரெகார்டுகள் எல்லாம் இருக்கும் சர்வரையே, தன் ஹோஸ்டிங்குக்கு மாற்றியிருப்பார். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. வெப்சைட் எந்த சர்வரில் இருக்கிறது என்று காட்டும் ஏ ரெகார்டை மட்டும் மாற்றினால் வெப்சைட் வந்துவிடும். நேம்சர்வரை மாற்றினால் பழைய இடத்தில் இருந்த ரெகார்டுகள் தானாகக் கூடவே வராது.

அப்படி விட்டுப்போவதில் முக்கியமானது எம்எக்ஸ். ஹாம்பர்க்கில் இருக்கும் பையர் மெயில் அனுப்பினால், அவருடைய சர்வர் உங்கள் டொமைனின் எம்எக்ஸ் ரெகார்டைப் பார்த்துத்தான் எந்த சர்வரிடம் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளும். 10, 20 என்று எண் போட்டுப் பல சர்வர்கள் இருக்கலாம். சின்ன எண்ணுக்கே முதலிடம். சரி, எம்எக்ஸே இல்லையென்றால்? மெயில் உடனே திரும்பிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஏ ரெகார்டு காட்டும் சர்வரிடம், அதாவது வெப்சைட் இருக்கும் இடத்திலேயே, கொடுக்கப் பார்க்கும். அங்கே கேட்ச்-ஆல் (எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் அமைப்பு) போட்டிருந்தால் மெயில் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் போய் விழும். பையருக்குத் திரும்பியும் போகாது, உங்களுக்கும் வராது. எல்சி (பையரின் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) தேதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்!

இன்னொரு குழப்பம், சில பையர்களின் மெயில் வரும், சிலருடையது வராது. .காம் டொமைன்களின் நேம்சர்வர் விவரத்துக்கு டிடிஎல் (மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள். அதுவரை சில சர்வர்கள் பழைய விவரத்தையே வைத்திருக்கும்.

எம்எக்ஸை மட்டும் திரும்பப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெகார்டுகளும் போயிருக்கும். நீங்கள் அனுப்பும் இன்வாய்ஸ் பையரின் ஸ்பாமில் கிடக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் இந்த இரண்டில் ஒன்றாவது கட்டாயம். எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். பழையதோடு புதிதாக இன்னொன்று சேர்த்தால் இரண்டும் செல்லாது.

எதையும் மாற்றுவதற்கு முன் இந்த ரெகார்டுகள் எல்லாம் இருக்கும் டிஎன்எஸ் பக்கம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டொமைன் லாகினும் ஓடிபி வரும் போன் நம்பரும் முதலாளி கையில் இருக்கட்டும், டிசைனரிடம் வேண்டாம். சரிசெய்த பிறகும், ஏற்கெனவே திரும்பிப்போன மெயில்கள் தானாக வராது. பையர்களிடம் கேட்டு மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டியதுதான்.