மார்க்கருக்குள் இருப்பது ஸ்பிரிட்: அட்டை செய்பவர்கள் கவனத்துக்கு

மார்கழி வந்துவிட்டால் வாழ்த்து அட்டை செய்கிறவர்களுக்குக் கை ஓயாது. முதலில் கிறிஸ்துமஸுக்கு ஆடு, கழுதை, ஒட்டகம். அது முடிந்த கையோடு பொங்கலுக்குக் காளை. மாடு விடும் விழா நடக்கிற நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் காளை இல்லாத பொங்கல் வாழ்த்து எடுபடாது. ரப்பர் ஸ்டாம்பால் உருவத்தைப் பதித்து, ஆல்கஹால் மார்க்கரால் நிறம் கொடுத்து, வெட்டி, மடித்த அட்டையில் ஒட்டுவார்கள். பார்க்கச் சுலபமான வேலைதான்.

வேலூர் சத்துவாச்சாரியில் கைவினை வகுப்பு நடத்துகிறேன். புதிதாக வருகிறவர்கள் கொண்டுவரும் புகார்கள் மூன்றே மூன்று. "ஸ்டாம்ப் கோடு கலங்குது." "கலர் திட்டுத் திட்டா நிக்குது." "கொஞ்ச நேரம் உக்காந்தா தலை வலிக்குது." மூன்றுக்கும் பேனா மட்டம் என்று முடிவு கட்டி, இன்னும் விலை கூடிய செட் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். நூறு நிறப் பேனா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அதே புகாரைச் சொல்கிறவர்களும் உண்டு. முதலில் அந்தப் பேனாவுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போடும் முன் பஞ்சில் தடவுகிறார்களே, ஸ்பிரிட், அந்த இனம்தான். எத்தனாலோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ, அதில் கரைத்த சாயம். இது மனதில் இருந்தால் பாதிக் காசு மிச்சம்.

கோடு கலங்கும் விஷயத்தைப் பார்ப்போம். ஸ்பிரிட்டில் கரையும் மையால் ஸ்டாம்ப் குத்தினால், அதன்மேல் மார்க்கர் பட்டதும் கோடு கரைந்து காளையின் முகம் சாம்பல் பூசியது போல ஆகிவிடும். ஆபீஸ் சீல் போடும் ஊதா ஸ்டாம்ப் பேட் இதற்கு ஆகாது. கண்ணாடி, பிளாஸ்டிக் மேலும் ஒட்டும் என்று விற்கிற ஸ்டேஸ்ஆன் போன்ற மையும் ஆகாது. அது ஸ்பிரிட் வகைக் கரைப்பானில்தான் செய்யப்படுகிறது. 'பெர்மனன்ட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது தண்ணீருக்குத்தான் பெர்மனன்ட், ஸ்பிரிட்டுக்கு இல்லை. மெமென்டோ போன்ற, தண்ணீரில் கலந்த சாய மை பேட்தான் வேண்டும். குத்திய பிறகு சில நிமிடம் காயவும் விட வேண்டும்.

எந்த பேட் என்றே தெரியாவிட்டாலும் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். துண்டுத் தாளில் ஸ்டாம்பைக் குத்தி நன்றாகக் காயவிடுங்கள். பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, கோட்டின் குறுக்கே ஒரே ஒரு தடவை இழுங்கள். பஞ்சில் கறுப்பு ஏறினால் அந்த பேட்டை மார்க்கர் வேலைக்கு எடுக்காதீர்கள். பேனாவே வாங்காமல் இந்தச் சோதனையை முடித்துவிடலாம்.

நல்ல பேட் கிடைக்கவில்லையா? ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். 1987-இல் ஜப்பானில் காப்பிக் என்ற பிராண்ட் ஆல்கஹால் மார்க்கர் வந்தபோது அதற்கிருந்த பெருமையே ஜெராக்ஸ் டோனரைக் கரைக்காது என்பதுதான். ஸ்டாம்பை ஒருமுறை தெளிவாகக் குத்தி, நல்ல தாளைக் கொடுத்து லேசர் பிரதி எடுத்துக்கொண்டால் கோடு அசையாது.

திட்டு விழுவதற்குத் தாள்தான் காரணம், கூடவே மின்விசிறியும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் வேலை தெரிந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: சாயம் தோலுக்குள் ஊறும், பிக்மென்ட், அதாவது கரையாத நிறத்தூள், மேலே படியும். மார்க்கரில் இருப்பது ஊறுகிற வகை. ஒரு நிறம் ஈரமாக இருக்கும்போதே அடுத்தது வந்து சேர்ந்தால்தான் இரண்டும் தாளுக்குள் ஒன்றாகும். கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் பளபளப்பான ஆர்ட் கார்டில் மை ஊறவே ஊறாது, மேலேயே வழுக்கும். சொரசொரப்பான டிராயிங் ஷீட்டோ மையைக் குடித்துக்கொண்டே இருக்கும். சாதாரண ஜெராக்ஸ் தாளில் கோட்டைத் தாண்டிப் பரவி மறுபக்கமும் வந்துவிடும். மழமழப்பான, பூச்சில்லாத, 250 முதல் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டை கேளுங்கள். ஐவரி போர்டு என்று கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் எல்லா ஐவரியும் ஒன்றுபோல் இருக்காது. கட்டாக வாங்காமல் ஒரு தாள் வாங்கி, மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளி வைத்த இடத்திலேயே நின்றால் அப்புறம் மொத்தமாக வாங்கலாம். நல்ல தாளிலும் மை பின்பக்கம் தெரியும், அது குறையில்லை. அதனால்தான் உருவத்தைத் தனியாக வெட்டி ஒட்டுகிறோம்.

சரி, காளைக்கு வருவோம். செவலை, அதாவது செம்பழுப்புக் காளை என்றால் ஒரே நிறக் குடும்பத்தில் மூன்று பேனா போதும். காப்பிக்கில் E33, E35, E37 எடுக்கலாம். எழுத்து நிறக் குடும்பத்தைக் குறிக்கும். கடைசி இலக்கம் கூடக் கூட நிறம் அடர்த்தியாகும். வேறு கம்பெனிப் பேனாவானாலும் இளசு, நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று பொறுக்கினால் சரி. இளசை உடம்பு முழுக்கப் பூசுங்கள். அது காய்வதற்குள் திமிலுக்குக் கீழே, வயிற்றடியில், தொடையின் மடிப்பில், கழுத்துத் தொங்கலின் ஒவ்வொரு மடிப்பின் உள்பக்கமும் அடர்த்தியை வையுங்கள். நடுத்தரத்தால் அதன் ஓரத்தைச் சிறு சிறு வட்டமாகத் தேய்த்துக் கலைத்துவிட்டு, கடைசியில் இளசால் எல்லாவற்றையும் ஒருமுறை இணைத்தால் வேலை முடிந்தது. கோட்டை முட்டும் வரை பூச வேண்டாம், ஒரு மயிரிழை முன்னாலேயே நிறுத்துங்கள், மீதியை மை தானே போய் நிரப்பும். ரோமம் காட்ட வேண்டுமென்றால் நன்றாகக் காய்ந்த பிறகு, ரோமம் படியும் திசையில் நுனியால் சுண்டிச் சுண்டி இழுக்க வேண்டும். ஈரத்தில் இழுத்தால் ரோமம் வராது, கறைதான் வரும்.

மயிலைக் காளைக்கு வெள்ளை பூசத் தேவையில்லை, தாளே வெள்ளை. நிழலுக்கு மட்டும் இளஞ்சாம்பல் போதும், திமிலிலும் கழுத்திலும் கொஞ்சம் கூடுதலாக. காரிக்குக் கறுப்பு பூசினால் ஸ்டாம்ப் கோடே காணாமல் போய்விடும். அடர்ந்த சாம்பலால் பூசி, முதுகில் ஒரு பட்டை வெளிச்சம் விடுங்கள்.

வெளிச்சம் எங்கே விடுவது என்று குழம்புகிறவர்களை வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகச் சொல்வேன். கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளும் யாளிகளும் இருக்கின்றன. நிறமே இல்லை, வெறும் கல். ஆனாலும் நெஞ்சு முன்னால் புடைத்து நிற்பதும் கால் உள்ளே வாங்கியிருப்பதும் நிழலாலேயே தெரியும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது புகாரான தலைவலியைத்தான் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் ஸ்பிரிட் சட்டென்று ஆவியாகி நிறம் கலக்காது. நம்மூர்ச் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அதற்காக விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டு, சிலர் ஏசி அறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த ஆவி எங்கே போகும்? மூக்கின் வழியாகத்தான் போகும். ஜன்னல் திறந்திருக்கட்டும். விசிறி ஓடட்டும், ஆனால் காற்று மேசை மேல் நேராக விழாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். இடையிடையே எழுந்து வெளியே போய் வாருங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பெட்டியில் 'நான் டாக்ஸிக்' என்று போட்டிருக்கிறதே என்பார்கள். ஏஎஸ்டிஎம் டி-4236, ஈஎன் 71-3 போன்ற பாதுகாப்புத் தரக் குறிகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது நல்ல பழக்கம்தான். முன்னாளில் சில மார்க்கர்களில் சைலீன் என்ற நச்சுக் கரைப்பான் இருந்தது, எதுவும் அச்சிடாத மலிவுப் பேனாவை நான் தொடுவதில்லை. ஆனால் அந்தக் குறிகளைக் காட்டி அடைத்த அறையில் முகரலாம் என்றோ, மருதாணி மாதிரி கையில் வரையலாம் என்றோ யாரும் சொல்ல முடியாது. பூஜை விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு பக்கத்தில் வைத்து வேலை செய்யாதீர்கள், தீப்பிடிக்கும் பொருள் இது. வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பேனாப் பெட்டியைப் போட்டு வைப்பதும் வேண்டாம். இரண்டு பக்கமும் நுனி உள்ள பேனாக்களைப் படுக்கவைத்துத்தான் வைக்க வேண்டும், நிறுத்தினால் மேல் நுனி வறண்டுவிடும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூடியைக் கவனியுங்கள். பால்பாயின்ட் பேனா மூடியின் நுனியில் ஓட்டை இருப்பது, விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் கொஞ்சமாவது காற்று போகட்டும் என்பதற்காக. மார்க்கர் மூடியில் ஓட்டை போட்டால் மை காய்ந்துவிடும் என்பதால் பெரும்பாலும் இருப்பதில்லை. பேனாக்களை உயரத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் கூட உட்கார்ந்து நிறம் தீட்ட ஆசைப்பட்டால் அதே காளையை இன்னொரு தாளில் குத்திக் கலர் பென்சில் கொடுங்கள்.

கடைசியாக, விற்பனைக்குச் செய்கிறவர்களுக்கு ஒன்று. இந்தச் சாயம் வெயிலுக்குத் தாங்காது. ஜன்னலோரம் ஃபிரேம் போட்டு மாட்டினால் நாளாக ஆக வெளிறும். வாங்குகிறவரிடம் அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வெயில் படும் சுவரில்தான் மாட்டுவேன் என்கிறவருக்கு ஸ்கேன் செய்து அச்செடுத்த பிரதியைக் கொடுத்து, அசலை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.