ஐநோட்டிஃபை: கண்காணிப்பா, அறிவிப்பா?

ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் அனுப்பும் பிடிஎஃப்கள் எல்லாம் ஒரு ஃபோல்டரில் வந்து சேரும். வந்தவுடன் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) அதை அடுத்த வேலைக்கு அனுப்ப வேண்டும். லினக்ஸில் இதற்குக் கைகொடுப்பது ஐநோட்டிஃபை (inotify): கோப்பில் மாற்றம் நடந்தால் நிரலுக்குச் சொல்லும் வசதி. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. இது 2005-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.13 பதிப்போடு வந்தது. அதற்கு முன் இதே வேலைக்கு இருந்தது டிநோட்டிஃபை.

சொல்லின் முதல் பாதி ஐநோடு. ஒரு கோப்பின் அளவு, அனுமதிகள், வட்டில் அது இருக்கும் இடம் போன்றவற்றை வைத்திருக்கும் பதிவு. கோப்பின் பெயர் மட்டும் அதில் இருக்காது. 'ஐ' என்பது இண்டெக்ஸாக இருக்கலாம் என்பது யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிட்சியின் ஊகம். இதை ஐநோடு என்றே எழுதிவிடலாம்.

நோட்டிஃபை லத்தீன் வழி வந்தது. 'நோட்டுஸ்' என்றால் அறியப்பட்டது, 'ஃபாகெரே' என்றால் செய்தல். சேர்த்தால் அறியச் செய்தல். தமிழில் 'அறி' என்பதன் பிறவினை 'அறிவி'. பொருளும் சரி, சொல் அமைந்த விதமும் சரி, இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவது அபூர்வம். செல்போன் நோட்டிஃபிகேஷனுக்கும் 'அறிவிப்பு' வழக்கில் வந்துவிட்டது. ஆகவே 'கோப்பு மாற்ற அறிவிப்பு' என்பதே என் தேர்வு.

'கோப்புறைக் கண்காணிப்பு' என்றும் சொல்வதுண்டு. ஆனால் கண்காணி என்ற சொல்லுக்குள் கண்ணும் காணுதலும் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் அதே சொல்தான்: நின்று பார்த்துக்கொண்டே இருப்பவர். வைல் லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஸ்லீப் போட்டு, சில வினாடிக்கு ஒருமுறை கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை ஓடவிட்டு, பழைய பட்டியலோடு ஒப்பிடும் ஸ்கிரிப்டுக்கு அந்தச் சொல் பொருந்தும். ஐநோட்டிஃபையை ஸ்கிரிப்டிலிருந்து பயன்படுத்த உதவும் ஐநோட்டிஃபைவெயிட் கட்டளை எதையும் பார்ப்பதில்லை. அது தூங்கும், மாற்றம் நடந்ததும் கெர்னல் எழுப்பும்.

எந்த அறிவிப்பைக் கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 'கிரியேட்' கேட்டால் கோப்பு உருவான கணமே தகவல் வந்துவிடும். பெரிய பிடிஎஃப் அப்போது பாதிகூட வந்திருக்காது. 'குளோஸ் ரைட்' என்றால், எழுதுவதற்காகத் திறந்த கோப்பை மூடிய பிறகு வரும். தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பெயர் மாற்றும் மென்பொருள்களுக்காக 'மூவ்டு டூ'வையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள் ஃபோல்டர்களில் நடப்பது தானாகத் தெரியவராது. ஐநோட்டிஃபைவெயிட்டுக்கு மைனஸ் ஆர் (-r) கொடுத்தால் அது ஒவ்வொரு உள் ஃபோல்டரையும் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ளும். அப்புறம், என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகப் பகிர்ந்த ஃபோல்டரில் வேறொரு கணினி கோப்பைப் போட்டால், நம் கணினியின் கெர்னலுக்கு அது தெரியாது, அறிவிப்பும் வராது. அங்கே மட்டும் பழைய வைல் லூப்தான்.