மிச்ச மின்சாரமும் நியூட்ரல் கம்பியும்

உச்சி வெயில். கூரைப் பேனல்களிலிருந்து 4 கிலோவாட் எடுக்கலாம். வீட்டில் ஓடுவதோ 600 வாட், பேட்டரியும் நிரம்பிவிட்டது. மீதி 3,400 வாட் எங்கே போகும்? ஊர் மின்கம்பி வலையான கிரிட்டுக்குள் அனுப்ப அனுமதி இருந்தால் அங்கே போகும். இல்லாவிட்டால் எங்கேயும் போகாது, உற்பத்தியே ஆகாது. பேனல், பேட்டரி, கிரிட் மூன்றையும் இணைக்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் பேனலின் மின்னழுத்தத்தை ஏற்றிவிட்டு, உச்சத் திறன் கிடைக்கும் புள்ளியிலிருந்து விலகி நின்றுகொள்ளும்.

எவ்வளவு விலகுவது என்று அதற்குச் சொல்வது, கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் சிடி என்கிற சின்ன வளையம். மீட்டரிலிருந்து வீட்டுக்குள் வரும் பேஸ் கம்பியைச் சுற்றி மாட்டுவது. அதன் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். திருப்பி மாட்டினால் வேடிக்கைதான். கிரிட்டிலிருந்து மின்சாரம் உள்ளே வரும்போது, வெளியே போகிறது என்று நினைத்து இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைக்கும். குறைத்ததும் இன்னும் அதிகம் உள்ளே வரும், மேலும் குறைக்கும். பேனல் சும்மா வெயில் காய, மொத்த வீடும் கிரிட்டில் ஓடும்.

மிச்சத்தைச் சேமிக்க எளிய இடம் வாட்டர் ஹீட்டர். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்றச் சுமார் 3.5 யூனிட் ஆகும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஹீட்டர் லைன் சிடியைத் தாண்டிய பிறகே பிரிய வேண்டும். முன்னால் பிரிந்தால் அது ஓடுவதே இன்வெர்ட்டருக்குத் தெரியாது. அதை, கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் பேக்கப் அவுட்புட்டிலும் கோக்கக் கூடாது, இரவில் கரண்ட் போனால் பேட்டரியைக் குடித்துவிடும். பல இன்வெர்ட்டர்களில் மிச்சம் வரும்போது மூடிக்கொள்ளும் ரிலே என்ற சின்ன தானியங்கி சுவிட்ச் ஒன்று இருக்கிறது. 2 கிலோவாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஆகவே அந்த ரிலேயை வைத்து, பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான ஒரு கான்டாக்டரை இயக்கி, ஹீட்டரை அதில் இணைப்பதே சரி.

பேனலும் பேட்டரியும் இருக்கும் டிசி பக்கத்தைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள், நியாயம்தான். வரிசையாகக் கோத்த பேனல்களில் 400 வோல்ட் சாதாரணம். 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி அணைய வழி உண்டு. டிசியில் அது கிடையாது. லோடு ஓடும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. 48 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 கிலோவாட் எடுத்தால் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். கேபிள் முனையில் மாட்டும் லக் சரியாக இறுகாமல் 10 மில்லி ஓம் தடை வந்தாலே அந்த ஒரு இடத்தில் 100 வாட் சூடு.

ஆனால் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் யாரும் கவனிக்காத, மின்னோட்டம் திரும்பிப் போகும் நியூட்ரல்தான் என்பது என் எண்ணம். பேக்கப் லைன்களுக்கு பேஸை மட்டும் பிரித்துவிட்டு, நியூட்ரலை, எல்லா நியூட்ரல் கம்பிகளும் சேரும் பழைய உலோகப் பட்டையிலேயே (பார்) விட்டுவிடுவார்கள். பேக்கப் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச், போன மின்னோட்டம் தன் வழியே திரும்புகிறதா என்று பார்க்கும்; இங்கே அது பழைய பார் வழியே திரும்பும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்திலேயே டிரிப் ஆகிவிடும். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இதைவிட மோசம். மெயினை அணைத்தாயிற்று என்று நம்பி அந்த நியூட்ரல் பாரைத் தொட்டால், பேக்கப்பில் சுவிட்ச் போட்ட விளக்கு வழியாக வந்த மின்சாரம் அங்கே காத்திருக்கும்.

இன்னொன்று எர்த். கிரிட் போனதும் லைன்மேனின் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. பல மாடல்கள் பேஸ், நியூட்ரல் இரண்டையுமே துண்டிக்கும். அப்போது பேக்கப் நியூட்ரலுக்கு எர்த்துடன் தொடர்பு இல்லை. பேஸ் கம்பி பிரிட்ஜ் பாடியில் பட்டாலும் மின்னோட்டம் திரும்ப வழியில்லாததால் ஆர்சிசிபி அசையாது. அதனால் கிரிட் இல்லாத நேரத்தில் மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு ரிலே இணைக்க வேண்டும். அது இன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே வைக்க வேண்டுமா என்பது மேனுவலில் இருக்கும். நிரந்தரமாக முறுக்கிவிடுவது தப்பு. கிரிட் இருக்கும்போது நியூட்ரல் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த்தில் ஓடும்.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டன் இந்த இணைப்பு இல்லாததைக் காட்டிக்கொடுக்காது. அது தனக்குள்ளேயே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில்தான் சோதிக்கிறது. எர்த்தே இல்லாவிட்டாலும் டக்கென்று விழும். எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன், மெயினை அணைத்து பேக்கப்பில் ஓடவிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 100 வோல்ட் போல ஏதாவது காட்டினால் இணைப்பு இல்லை.