மினி டிராக்டரின் முன்சக்கரம் ஏன் தூக்குகிறது?

மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைப் பின்னால் தூக்கிக்கொண்டு ஒரு மினி டிராக்டர் வரப்பேறும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பின் டயர் அமுங்கும். முன்சக்கரம் மண்ணில் பட்டும் படாமலும் போகும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். எஞ்சினில் குறை ஒன்றும் இல்லை, எடைதான் இடம் மாறிவிட்டது.

கிணற்றடித் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். டிராக்டரில் பின்னச்சுதான் துலாவைத் தாங்கும் கால். ஒரு பக்கம் எஞ்சின், மறுபக்கம் நாம் மாட்டும் கருவி. வண்டி 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்னச்சின் மேல் 320 கிலோ, இரண்டு அச்சுக்கும் இடையே 1.5 மீட்டர். 250 கிலோ ரோட்டவேட்டரைத் தூக்கியதும் அதன் எடை பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. 250ஐ 1.2 ஆல் பெருக்கி 1.5 ஆல் வகுத்தால் 200. முன்னச்சிலிருந்து அத்தனை கிலோ கழிந்து 120 தான் மிச்சம். ஸ்டியரிங் பிடிக்க வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 160 கிலோ, முன்னால் இருக்க வேண்டும். முன்னச்சுக்கு 40 செ.மீ. முன்னால், பம்பரில் 40 கிலோ இரும்பு எடை மாட்டினால் அது 50 கிலோ போல அழுத்தும். கணக்கு 170க்கு வந்துவிடும்.

ஆகவே கருவி வாங்கும்போது, 'லிப்ட் 750 கிலோ தூக்கும்' என்ற பேச்சோடு நிற்காதீர்கள். அந்த அளவு லிப்ட் கம்பிகளின் நுனியில் எடுத்தது. லிப்ட் தூக்கிவிடும், முன்பக்கம் தாங்குமா என்பதுதான் கேள்வி. ஒரே எடையில் இரண்டு கருவி இருந்தால், வண்டியை ஒட்டி நிற்பதையே எடுங்கள். 20 குதிரைத்திறன் எஞ்சினிலிருந்து, கருவியைச் சுழற்றும் பின்தண்டுக்கு (பி.டி.ஓ.) வந்து சேர்வது ஏறக்குறைய 17தான். அதற்கு மூன்றரை, நான்கு அடி ரோட்டவேட்டர் சரியாக இருக்கும். கரிசல் மண் என்றால் அரை அடி குறைத்தே வாங்கலாம். ஆனால் அகலம் இரண்டு டயர் தடத்தையும் மூட வேண்டும், இல்லாவிட்டால் உழுத இடத்திலேயே டயர் தடம் விழும்.

கருவியை மூன்று இடத்தில் மாட்டுகிறோமே, அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. தொடக்ககால டிராக்டர்கள் கலப்பையைச் சும்மா இழுத்துக்கொண்டு போயின. கலப்பை பாறையில் சிக்கினால் வண்டி முன்பக்கம் எழும்பி ஓட்டியவர் மேலேயே மல்லாந்தது. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் 1917 முதல் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார். கீழே இரண்டு கம்பிகள் இழுக்கும், மேலே ஒரு கம்பி தள்ளும். கொழு மண்ணில் சிக்கினால் மேற்கம்பி முன்னோக்கித் தள்ளி வண்டியின் மூக்கை அழுத்திவிடும். இந்த அமைப்போடு அவருடைய டிராக்டர் 1936இலும், ஹென்றி போர்டுடன் சேர்ந்து செய்தது 1939இலும் வந்தன. நாம் டாப் லிங்க் என்பது அந்த மேற்கம்பிதான்.

அந்த டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி மரவேரையோ சிக்கிய வண்டியையோ இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அச்சுக்கு மேலே இழுத்தால் பெர்குசன் செய்த வேலை தலைகீழாகிவிடும். சங்கிலியை அச்சுக்குக் கீழே, இழுவைப் பட்டையில்தான் போட வேண்டும். சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் சேற்றில் புதைந்தாலும் இதே ஆபத்து: சக்கரம் சுற்ற முடியாவிட்டால், அச்சைச் சுற்றி வண்டியே எழும்பும். மீள முடியாத நிலையை முக்கால் நொடியில் தாண்டிவிடும். மனிதர் சுதாரிக்கவே அவ்வளவு நேரமாகும், கிளட்சை எப்போது மிதிப்பது? அதனால் புதைந்தால் பின்னோக்கி எடுங்கள்.

அந்த முக்கால் நொடியில் காப்பாற்றக்கூடியது சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவும் சீட் பெல்ட்டும்தான். சுவீடன் 1959லேயே புது டிராக்டர்களுக்கு இந்த வளைவைக் கட்டாயமாக்கியது. பெல்ட் போடாமல் வளைவு மட்டும் இருந்தால், தூக்கி எறியப்பட்டவர் மேல் அந்த வளைவே விழலாம். தாழ்ந்த கிளைகள் உள்ள தோப்புக்கு மடக்கும் வளைவு கிடைக்கிறது. மடக்கி ஓட்டும் நேரத்தில் மட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். தோப்பை விட்டு வெளியே வந்ததும் நிமிர்த்திப் பூட்டிப் பெல்ட்டைப் போடுங்கள்.

அப்புறம், எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுபோகும் அந்த பி.டி.ஓ. தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. தண்டு 5 செ.மீ. தடிமன் என்றால் ஒரு சுற்றில் 16 செ.மீ. துணியைச் சுருட்டும், ஒரு நொடியில் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். நாலு முழ வேட்டி ஒன்றேகால் நொடியில் உள்ளே போய்விடும். துண்டும் முந்தானையும் அதைவிடச் சீக்கிரம். தண்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறை இதற்காகத்தான். கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று பலர் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து எடுத்து மாட்டுங்கள். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு உறையைக் கையால் சுற்றிப் பாருங்கள். தண்டோடு ஒட்டாமல் தனியாகச் சுழல வேண்டும். இறுகியிருந்தால் தண்டோடு சேர்ந்து அதுவும் சுற்றும், துணியையும் இழுக்கும். வேலை நேரத்தில் உறை சுற்றாமல் நிற்பதற்காக இரண்டு முனையிலும் சின்னச் சங்கிலி உண்டு, அதையும் கோத்துவிடுங்கள்.

காசு செலவில்லாத ஒன்றும் இருக்கிறது. வயலில் சட்டென்று திருப்ப வசதியாக இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதி கொடுத்திருக்கிறார்கள். ரோட்டில் வேகமாகப் போகும்போது ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். இரண்டு மிதிகளையும் இணைக்கும் கொக்கி அங்கேயே இருக்கிறது. ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் அதைப் போட ஒரு கை போதும்.