செங்குத்து வெக்டர் ஒன்றுதான் என்று யார் சொன்னது?

காட்பாடியில் ட்யூஷன் எடுக்கிறேன். ப்ளஸ் டூ பிள்ளைகளும் வருவார்கள், கணக்கில் அரியர் வைத்த இன்ஜினியரிங் பிள்ளைகளும் வருவார்கள். போன வாரம் ஒரு பையன் நோட்டைப் பிரித்தால், ஒரே இடத்தில் அழித்து அழித்துத் தாளே ஓட்டை விழுந்திருக்கிறது. (3, 1, 2), (1, -1, 2) இரண்டுக்கும் செங்குத்தான ஒரு வெக்டரை, அதாவது நீளமும் திசையும் உள்ள ஒரு அம்புக்குறியை, காண்க என்பது கேள்வி. முதலில் அவன் போட்டது (1, -1, -1). சரியான விடை. கைடில் (4, -4, -4) என்று இருந்ததாம், உடனே ரப்பரை எடுத்துவிட்டான். "கைடுல வேற இருக்கு சார், அதான் அழிச்சிட்டேன்." இந்த ஒரு வாரத்தில் இது மூன்றாவது ஆள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பக்கத்து மனையில் கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். குண்டின் முனை தரையைத் தொடுகிற இடத்திலிருந்து சாக்பீஸால் எந்தப் பக்கம் கோடு இழுத்தாலும், சித்தூர் பக்கம் இழுத்தாலும் ஆற்காடு பக்கம் இழுத்தாலும், அது நூலுக்குச் செங்குத்துதான். ஆக, ஒரு வெக்டருக்குச் செங்குத்து என்றால் ஒரு தரை முழுக்க விடை கிடக்கிறது. இப்போது திருப்பிப் பாருங்கள். தரையில் வேறு வேறு திசையில் இரண்டு கோடு, இரண்டுக்கும் செங்குத்து எது? நூல் மட்டும்தான். ஆனால் அந்த நூலை ஒரு அடி வெட்டினாலும் நூல், நாலு அடி வெட்டினாலும் நூல், கீழிருந்து மேலே பார்த்தாலும் அதே நூல். (1, -1, -1), (4, -4, -4), (-1, 1, 1) எல்லாமே சரி. அலகு வெக்டர், அதாவது நீளம் 1 உள்ள வெக்டர், கேட்டால்தான் நீளம் கட்டுப்படும், (1, -1, -1)ஐ √3 ஆல் வகுக்க வேண்டும், அப்போதும் ப்ளஸ் மைனஸ் என்று விடை இரண்டு. இதை வருஷா வருஷம் தொண்டை வற்றச் சொல்கிறேன், நம்ம பாலாற்றில் வெள்ளம் வந்தாலும் வரும், இது மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது.

அடுத்தது தலைகீழ் வியாதி. தளத்தில் (2, 3)க்கு (-3, 2) என்று இடம் மாற்றி ஒரு குறியை மாற்றினால் போதும், சரி. அதே பழக்கத்தில் (2, 3, 5)ஐ (-5, 3, 2) என்று திருப்பி எழுதுகிறார்கள். செங்குத்து என்றால் அந்தந்த இடத்து எண்களைப் பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும், இதற்குப் பெயர்தான் புள்ளிப் பெருக்கல். பெருக்கிக் கூட்டுங்கள்: -10 + 9 + 10, விடை 9. எங்கே செங்குத்து? ஓர் இடத்தில் பூஜ்யம் வைத்துவிட்டு மற்ற இரண்டில் அந்த வித்தையைக் காட்டு, (-3, 2, 0) வரும், (-5, 0, 2) வரும், இரண்டும் செங்குத்து. மூன்றிலும் பூஜ்யம் போட்டுவிட்டு "சார், இதுவும் சரிதானே" என்று சிரிக்கிற ஒருத்தன் எல்லா பேட்ச்சிலும் உண்டு. அவனுக்கு மார்க் கிடையாது.

இரண்டு வெக்டருக்கும் செங்குத்தானதை அணிக்கோவை போட்டு எடுக்கிற வழிதான் வெக்டர் பெருக்கல், அதில் நடு உறுப்புக்கு மைனஸ் போட மறக்காதீர்கள். மறந்தாலும் பரவாயில்லை, வந்த விடையைக் கொடுத்த இரண்டோடும் புள்ளிப் பெருக்கல் செய்து பாருங்கள், இரண்டும் பூஜ்யமா? பத்து விநாடி வேலை, அதற்குச் சோம்பல்.

அரியர் தம்பிகளே, (1, 0, 1, 2), (0, 1, 1, 1) என்று நாலு உறுப்பு கொடுத்தால் தயவுசெய்து அணிக்கோவை போட்டு வெக்டர் பெருக்கல் செய்யக் கிளம்பாதீர்கள். இரண்டு வெக்டரை வைத்துச் செய்கிற அந்தப் பெருக்கல் 3 பரிமாணத்தில் இருக்கிறது, அப்புறம் 7இல் ஒன்று இருக்கிறது, 4இல் இல்லவே இல்லை. புள்ளிப் பெருக்கல் பூஜ்யம் என்று இரண்டு சமன்பாடு எழுதி, கடைசி இரண்டு மாறிகளுக்கு 1, 0 என்றும் 0, 1 என்றும் கொடுங்கள். (-1, -1, 1, 0), (-2, -1, 0, 1) வந்து விழும். இவற்றை எப்படிக் கலந்து கூட்டினாலும் அதுவும் செங்குத்துதான்.

பேப்பர் திருத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கீயில் (4, -4, -4) என்று இருந்து, பையன் (-1, 1, 1) எழுதியிருந்தால், சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள் சார்.