உங்கள் நாய் திருடவில்லை, நீங்கள் எடுத்து வைக்கவில்லை

சாக்லேட்டை உறையோடு விழுங்கிய நாயைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் நான் கேட்பது இரண்டே கேள்வி: எவ்வளவு தின்றது, எப்போது தின்றது? கிடைக்கும் பதில், "இவனுக்குத் தப்புன்னு தெரியும் டாக்டர், மூஞ்சியப் பாருங்க." இந்த வாரமும் இதே பதில்தான். அதனால் அந்த மூஞ்சியைப் பற்றியே முதலில் பேசிவிடுவோம்.

காதை மடக்கி, வாலை ஒடுக்கி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது குற்றவுணர்வு அல்ல. உங்கள் குரலுக்கும் நீங்கள் நிற்கும் தோரணைக்கும் பயந்து, "அடிக்காதே" என்று கேட்பது. நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், உணவைத் தொடவே தொடாத நாய்களும் திட்டு விழுந்ததும் இதே முகத்தைத்தான் காட்டின. அரை மணி நேரம் கழித்துத் திட்டினால், எதற்கென்று நாய்க்குப் புரியாது. கையும் களவுமாகப் பிடித்துத் திட்டினாலோ, நீங்கள் இருக்கும்போது வாய் வைக்கக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொள்ளும். அப்புறம் நீங்கள் நகர்ந்ததும் மெல்லாமல் அள்ளி விழுங்கும். உறையும் சேர்ந்து உள்ளே போவது இப்படித்தான்.

குழந்தையிடம் அத்தனை பதமாக நடக்கும் நாய்தான் இதையும் செய்கிறது. இரண்டுக்கும் முரண் இல்லை. மேசை மேல் பத்து முறை எட்டிப் பார்த்து ஒரு முறை தீனி கிடைத்தால் போதும், பதினோராவது முறையும் பார்க்கும். லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஒரு துண்டே இல்லை என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையோ, ஃபீனோபார்பிடோன் என்ற வலிப்பு மாத்திரையோ சாப்பிடும் நாயைத் திருடன் என்பதும் அநியாயம். பசியைக் கிளப்புவது மருந்து. வயதான நாய் திடீரென்று இப்படி ஆரம்பித்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

"விடு" என்பதைக் கற்றுக்கொடுங்கள். மூடிய கைக்குள் சாதாரணத் தீனி ஒன்றை வைத்து மூக்கின் முன் நீட்டுங்கள். நக்கும், பிராண்டும், ஒன்றும் சொல்லாதீர்கள். மூக்கைப் பின்னுக்கு இழுத்த அந்த நொடியில் மறு கையிலிருந்து அதைவிட ருசியானதைக் கொடுங்கள். முதல் கையில் இருப்பதை ஒருபோதும் தரக் கூடாது. அங்கேதான் பலர் கெடுக்கிறார்கள்: காத்திருந்தால் அதுவே கிடைக்கும் என்று ஆகிவிடுகிறது. நாய் தானாகப் பின்வாங்கத் தொடங்கிய பிறகே "விடு" என்ற சொல்லைச் சேருங்கள். பிறகு திறந்த கை, பிறகு தரை, பிறகு வாரில் பிடித்தபடி அதைக் கடந்து நடப்பது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். வாயில் ஏற்கெனவே எதையாவது கவ்வியிருந்தால் துரத்தாதீர்கள், விழுங்கிவிடும். வேறொன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் வீட்டில் இல்லாதபோது இந்தப் பயிற்சியை நம்ப வேண்டாம். குப்பைத்தொட்டி அலமாரிக்குள், கைப்பை ஆணியில். அவ்வளவுதான்.

10 கிலோ நாய்க்கு 100 கிராம் பால் சாக்லேட் வாந்தியையும் படபடப்பையும் தரலாம். இனிப்பில்லாத பேக்கிங் சாக்லேட் என்றால் 15 கிராமே அதற்குப் போதும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் இதைவிட மோசம்: நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் சைலிட்டாலே அரை மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடக்கூடும். திராட்சை, உலர்திராட்சைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. வெங்காயத்தின் பாதிப்பு சில நாள் கழித்துத்தான் தெரியும். "இப்ப நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருக்காதீர்கள்.

வாந்தி எடுக்கட்டும் என்று தயவுசெய்து உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். அதிலுள்ள உப்பே வலிப்பில் கொண்டுபோய் விடும். வாந்தி எடுக்க வைப்பதை எங்களிடம் விடுங்கள்; பெரும்பாலானவற்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால்தான் முழுப் பலன். கிழிந்த உறையைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்து வாருங்கள். எவ்வளவு தின்றது என்ற என் கேள்விக்கு அதில் அச்சிட்ட எடை பதில் சொல்லும், மூஞ்சி சொல்லாது.